பாரிஸ்ல நல்ல பிஸ்ட்ரோவை எப்படிக் கண்டுபிடிக்கிறது? – வாசகர் கேள்வி, அக்கா பதில்

இந்த மாசம் வந்த மெயில்ல பாதிக்கு மேல பாரிஸ்தான். விசா, ஈஃபில் டவர் டிக்கெட் கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டேன், இந்தத் தடவ முழுக்க சாப்பாடு மட்டும், அதுலயும் முக்கியமா பிஸ்ட்ரோ, அதாவது அந்த ஊர் சின்னச் சாப்பாட்டுக் கடை.

கேள்வி: அக்கா, கல்யாணம் ஆகி முதல் வெளிநாட்டு ட்ரிப், பாரிஸ்ல நாலே நாள். ரீல்ஸ் பார்த்துப் பார்த்து 'ஹிட்டன் ஜெம்'னு முப்பது கடைய மேப்ல குத்தி வச்சிருக்கார் எங்க வீட்டுக்காரர். ஆனா எல்லா ரீல்ஸ்லயும் சுத்திச் சுத்தி அதே கடைங்கதான் வருது, வாசல்ல கியூ வேற. உள்ளூர்க்காரங்க சாப்பிடற பிஸ்ட்ரோவ நாமளா எப்படிக் கண்டுபிடிக்கிறது? – வாசகி, சென்னை

பதில்: ரீல்ஸ்ல வந்த அன்னிக்கே அது ஹிட்டன் இல்லம்மா. முப்பதையும் அழிக்கச் சொல்லுங்க, கோவிச்சுக்கிட்டா ரெண்டு மட்டும் வச்சுக்கட்டும். எந்தக் கடைங்கிறத விட எந்த நேரத்துக்குப் போறீங்கங்கிறதுதான் இங்க விஷயம். வாரநாள், மத்தியானம் 12ல இருந்து 2 வரைக்கும். ராத்திரி ஆனா நல்ல பிஸ்ட்ரோன்னு பேர் வாங்கின இடம் பூரா ரிசர்வேஷன், அதுல பாதி நம்மள மாதிரி வெளியூர்க்காரங்க, அதே கிச்சன் அதே சமையல்காரர் ஆனா பில்லு மட்டும் வேற. மத்தியானம் அப்படி இல்ல, பக்கத்து ஆபீஸ்காரங்க, பெயின்ட் கறையோட வர்ற வேலைக்காரங்க, தெருமுனை மருந்துக்கடைக்காரம்மா எல்லாரும் அங்கதான் உக்காருவாங்க. அவங்களுக்காக 'ஃபோர்முல்'னு ஒரு செட் இருக்கும், ஸ்டார்ட்டரும் மெயினும், இல்லன்னா மெயினும் டெசர்ட்டும், பெரும்பாலும் 20 யூரோவ ஒட்டி வரும். நாளைக்கும் அதே ஆளுங்கதான் வரணும்ங்கிறதால அங்க ஏமாத்து வேலை நடக்காது. நாளைக்கு ஃபிளைட் ஏறிப் போயிடுவான்னு தெரிஞ்ச ஆளுக்குத்தான் உறைஞ்சு கிடந்த லசான்யாவ மைக்ரோவேவ்ல சுட வச்சு நீட்டுவாங்க.

அதனால உங்க நாலு நாள் பிளானையே மத்தியானச் சாப்பாட்ட நடுவுல வச்சுப் போடுங்க. லூவ்ர் மியூசியம் புதன், வெள்ளி ரெண்டு நாளும் ராத்திரி 9 வரைக்கும் திறந்திருக்கும், அத சாயங்காலத்துக்குத் தள்ளிட்டா மத்தியானம் ஃப்ரீ. செவ்வாய்க்கிழமை லூவ்ர் லீவு, அதையும் பாத்துக்கோங்க.

சரி, கடை வாசல்ல என்ன பாக்கணும்? முதல்ல சிலேட்டு. நல்ல பிஸ்ட்ரோல அன்னிக்கு என்ன இருக்குன்னு கறுப்புப் பலகைல சாக்பீஸ்ல எழுதி வச்சிருப்பாங்க, ஸ்டார்ட்டர் நாலு, மெயின் நாலஞ்சு, டெசர்ட் நாலு, அவ்ளோதான். 1.15 மணிக்குப் போனீங்கன்னா சர்வர் வந்து அதுல ஒரு வரிய விரலாலயே அழிச்சிட்டுப் போவார், தீந்துபோச்சுன்னு அர்த்தம். அப்படி அழிக்கிற கடைன்னா தைரியமா உக்காரலாம், ஏன்னா காலைல வாங்கினத காலைல சமைச்சிருக்காங்க. அதுக்கு நேர் எதிர் என்னன்னா லேமினேட் பண்ணின மெனு, அதுல போட்டோ, ஆறு நாட்டுக் கொடி, ஒரே கார்டுல ஆனியன் சூப்பும் பீட்சாவும் பர்கரும் ஸ்பெயின்காரங்க பாயெயா சோறும், வாசல்ல ஒரு ஆளு நின்னு 'நமஸ்தே இந்தியா'ன்னு கூப்பிடறது. சாங்-மிஷேல் பக்கம் ரூ த லா ஹுஷெத்னு ஒரு தெரு இருக்கு, மோன்மார்த்ர் மேல ப்ளாஸ் து தெர்த்ர்னு ஒரு சதுக்கம் இருக்கு, இந்த ரெண்டு இடத்துலயும் போட்டோ எடுத்துக்கோங்க, பசிச்சா வேற பக்கம் நடங்க.

இன்னொன்னு, யாரும் சொல்ல மாட்டாங்க, கதவுக் கண்ணாடில கீழ் மூலைல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர். பிரான்ஸ்ல கம்பெனிங்க ஸ்டாஃபுக்கு மதியச் சாப்பாட்டுக்குன்னு 'தித்ர் ரெஸ்தோரான்'னு வவுச்சர் தருவாங்க, இப்ப பெரும்பாலும் கார்டாயிடுச்சு. அத வாங்கிக்கிறோம்னு கடைக்காரர் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார். அது இருந்தா அங்க வேலைக்குப் போறவங்க சாப்பிடறாங்கன்னு அர்த்தம். டூரிஸ்ட் கடைலயும் சில சமயம் இருக்கும்தான், அதனால இத மட்டும் நம்பாம சிலேட்டோட சேத்துப் பாருங்க.

ஏரியான்னு கேட்டா 11வது வட்டாரம், ஃபெதெர்ப்-ஷாலிஞி, ஷரோன் மெட்ரோ சுத்துவட்டாரம். அங்க 'பிஸ்த்ரோ போல் பேர்'னு ரொம்பப் பேர் போன கடை ஒண்ணு இருக்கு, புக் பண்ணாமப் போகாதீங்க, ஆனா இடம் கிடைக்கலன்னாலும் அதே தெருவுலயும் பக்கத்துத் தெருவுலயும் நடந்தாலே போதும். பேர் சொல்லி லிஸ்ட் குடுங்கன்னு மட்டும் கேக்காதீங்க, நான் குடுத்தா அதுவும் ரீல்ஸ் ஆயிடும்.

கேள்வி: பிஸ்ட்ரோ, பிராசரி, கஃபே, பூயோன்... எல்லாம் ஒண்ணுதானா? குழப்பமா இருக்கு. – வாசகர், ஈரோடு

பதில்: போர்டுல எழுதறது இப்ப அவங்கவங்க இஷ்டம், இருந்தாலும் வித்தியாசம் இருக்கு. பிஸ்ட்ரோங்கிறது நம்மூர் மெஸ் மாதிரி, சின்ன இடம், முதலாளியே கல்லாலயோ கிச்சன்லயோ இருப்பார், மத்தியானம் ரெண்டு மணி நேரம் ராத்திரி ரெண்டு மூணு மணி நேரம், நடுவுல அடுப்ப அணைச்சிடுவாங்க. அந்தக் காலத்துல ஓவெர்ஞ் பக்கத்து மலை கிராமத்துல இருந்து பிழைக்க வந்தவங்க பாரிஸ்ல கரி வித்தாங்க, அதே கடைல ஒரு ஓரமா வைனும் ஊத்திக் குடுத்தாங்க, அப்புறம் ஒரு தட்டு சாப்பாடும் போட்டாங்க, பல கஃபேவும் பிஸ்ட்ரோவும் அந்த வழில வந்ததுதான். பிராசரி பெருசு, பீர் காய்ச்சற அல்சாஸ்காரங்க வழி, நாள் பூரா சாப்பாடு கிடைக்கும். பூயோன் தொழிலாளிங்களுக்குன்னு வந்தது. 1855ல டுவால்னு ஒரு கறிக்கடைக்காரர் சூப்பும் வேகவச்ச கறியும் கம்மி வெலைக்குப் போட ஆரம்பிச்சது, பின்னாடி பாரிஸ் பூரா பரவி, அப்புறம் மங்கிப்போய், 2017ல பூயோன் பிகால் வந்த பிறகு மறுபடி சூடு பிடிச்சிருக்கு.

கேள்வி: மெனுல வீட்டுக் கூரை போட்ட ஒரு சட்டி படம் இருந்தா அங்கயே சமைச்சதுன்னு என் ஃப்ரெண்ட் சொல்றான். நம்பலாமா? – வாசகர், கோவை

பதில்: உங்க ஃப்ரெண்ட் சொல்றது சரிதான். அது 'ஃபே மெசோன்' முத்திரை, 2014ல சட்டமாவே கொண்டுவந்தாங்க. பச்சைப் பொருள வாங்கி அந்த இடத்துலயே சமைச்சிருக்கணும்னு விதி. ஆனா அந்தப் பச்சைப் பொருள் ஃப்ரோசனா இருந்தாலும் ஒத்துப்பாங்க, பிரெட், சீஸ் மாதிரி சிலத வெளிய வாங்கிக்கலாம். ஃப்ரெஷ்ஷுன்னு அர்த்தம் பண்ணிக்காதீங்க, அங்க சமைச்சதுன்னு மட்டும் எடுத்துக்கோங்க. முத்திரையே போடாத நல்ல கடையும் நிறைய, சிலேட்டுல எழுதற ஆளுக்கு இதுக்கெல்லாம் பொறுமை இருக்காது. 'மெத்ர் ரெஸ்தோரத்தேர்'னு தகடு இருந்தா இன்னும் உசத்தி, அது சோதனை பண்ணிப் பாத்துட்டு அரசாங்கமே குடுக்கிற பட்டம்.

கேள்வி: அப்பா அம்மாவக் கூட்டிட்டுப் போறேன். அம்மா முட்டை வரைக்கும் ஓகே, அப்பா அதுவும் தொடமாட்டார். எங்களுக்கெல்லாம் பிஸ்ட்ரோ சாப்பாடு கனவுதானா? – வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மாவுக்கு கவலையே வேணாம், அப்பாதான் கஷ்டம், ஒளிக்காம சொல்லிடறேன். பிஸ்ட்ரோவோட அடையாளமே 'எஃப் மயோனேஸ்', அவிச்ச முட்டைய ரெண்டாப் பொளந்து மேல கடுகு வாசனையோட கெட்டி மயோனேஸ். கேக்கறதுக்கு ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கும், இத ஒழுங்காப் பண்ற கடைல மத்ததும் ஒழுங்கா இருக்கும், நான் கடைய எடை போடறதே இத வச்சுத்தான். மஞ்சக்கரு நடுவுல லேசா இளகி இருக்கணும், மயோனேஸ் பாட்டில்ல இருந்து பிதுக்கினதா இருக்கக் கூடாது. அப்புறம் 'புவாரோ வினெக்ரெத்', லீக்ஸ்னு வெங்காயத்தாள் குடும்பத்துத் தண்டு, வேகவச்சு ஆறவச்சு கடுகு எண்ணெய் வினிகர் சாஸ் ஊத்தித் தருவாங்க, இங்க கடுகு எண்ணெய்னு தப்பாப் படிச்சிடாதீங்க, கடுகுப் பேஸ்ட்டும் எண்ணெயும் தனித்தனி. சுட்ட ஆட்டுப்பால் சீஸ் வச்ச சாலட் 'ஷெவ்ர் ஷோ', உருளைக்கிழங்கு பால் க்ரீம் போட்டு அடுக்கிச் சுடற 'க்ரத்தான் தொஃபினுவா', இதெல்லாம் அம்மா சாப்பிடலாம்.

மாட்டிக்கிற இடம் எதுன்னா, ஆனியன் சூப் பெரும்பாலும் மாட்டு எலும்புச் சாறுல செய்யறது. சாலட்லயும் பயறுலயும் 'லார்தோன்'னு பன்னிக்கறித் துண்டு குட்டி குட்டியா கெடக்கும், மெனுல எழுதாமலே போடறதும் உண்டு, 'சான் லார்தோன்'னு சொல்லிடுங்க. 'கிஷ் லொரேன்'னு முட்டையும் க்ரீமும் ஊத்திச் சுடற பை இருக்கு, அதுலயும் அதுதான். பிரெஞ்சு சீஸ் நிறைய கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்கற ரெனெட் போட்டு உறைய வைக்கிறது, கோம்தே, நார்மண்டி காமம்பேர் உட்பட, அப்பா அதுல கறாரா இருந்தா சீஸ் பக்கமே வேணாம். பன்னகோட்டாங்கிற க்ரீம் டெசர்ட்ல ஜெலட்டின் இருக்கும்.

அப்பாவுக்காக மோன்பர்னாஸ் ஸ்டேஷன் பக்கம் போங்க. பிரான்ஸோட மேற்குக் கோடில இருக்கிற பிரித்தானி பக்கத்து ரயில் அங்கதான் வந்து நிக்கும், அங்கிருந்து வந்தவங்க ஸ்டேஷன் பக்கத்துலயே கடை போட்டாங்க, ரூ து மோன்பர்னாஸ் தெரு பூரா க்ரெப் கடை, க்ரெப்னா மெல்லிசு தோசை மாதிரி. அங்க 'கலெத்'னு கோதுமை மாதிரி ஆனா கோதுமை இல்லாத பக்வீட் மாவுல பெரிய கறுப்பு தோசை வார்ப்பாங்க, பழைய முறைல மாவும் தண்ணியும் உப்பும்தான், ஆனா சில கடைல முட்டை சேப்பாங்க, கேட்டுட்டு, காளான், கீரை வச்சு வாங்கிக் குடுங்க. மரே பகுதில ரூ தே ரோசியேல ஃபலாஃபெல்னு கொண்டக்கடலை வடை இருக்கு, அதுவும் அப்பாவுக்கு ஆகும். ரெண்டும் டூரிஸ்ட் வர்ற தெருதான், பரவாயில்ல, பசி முக்கியம்.

கேள்வி: நாங்க மாடு, பன்னி சாப்பிட மாட்டோம், கோழி மீன் எல்லாம் வெளுத்துக்கட்டுவோம். மெனுல என்ன வார்த்தை பாத்து ஒதுங்கணும்? – வாசகர், திண்டுக்கல்

பதில்: 'பேஃப்' மாடு, 'வோ' கன்னுக்குட்டி, 'போர்' பன்னி, 'ஜாம்போன்'னும் பன்னிதான். இது எல்லாரும் தெரிஞ்சு வச்சிருப்பாங்க. மாட்டிக்கிறது பேரே சொல்லாத அயிட்டத்துலதான், பவெத், ஓங்லெ, ஆந்த்ரகோத், ஃபோ-ஃபிலே எல்லாமே மாட்டோட வெட்டுப் பேரு, வெறும் ஸ்டேக்னு இருந்தாலும் மாடுதான், 'அஷி பர்மாந்தியே'ன்னு உருளைக்கிழங்கு மசியல் போட்டு மூடி வரும், உள்ள கொத்தின மாட்டுக்கறி. 'தர்தார்'னு பாத்தா பச்சைக் கறி, அடுப்பே காட்டாதது, மீன்லயும் உண்டு. 'ஆந்துயெத்' பன்னிக் குடல்ல செஞ்ச சாசேஜ், பக்கத்து டேபிளுக்கு வந்தாலே உங்களுக்குத் தெரிஞ்சிடும். நீங்க தேடவேண்டியது 'வொலாய்', 'பூலே' கோழி, 'கனார்' வாத்து, 'பாந்தாத்' கினிக்கோழி, 'கபியோ', 'லியூ' மீன். வாத்துல 'கோன்ஃபி த கனார்' வாங்குங்க, வாத்துக் கால அதோட கொழுப்புலயே மெதுவா மணிக்கணக்கா வேகவச்சுட்டு கடைசில தோல மொறுமொறுன்னு எடுக்கறது. சில கடைல ஃப்ரைஸ மாட்டுக் கொழுப்புல பொரிப்பாங்க, அதையும் கேட்டுக்கோங்க.

கேள்வி: போன வருஷம் போயிருந்தோம். சர்வர் எங்களக் கண்டுக்கவே இல்ல, பில்லு கூட கொண்டுவரல, அரை மணி நேரம் உக்காந்திருந்தோம். கலர் பாத்துத்தானே இப்படி? – வாசகர், பெங்களூரு

பதில்: நிறம் பாக்கற ஆளு எந்த ஊர்லயும் உண்டு, உங்களுக்கு நடந்தது அது இல்லவே இல்லன்னு நான் இங்க உக்காந்து சொல்ல முடியாது. ஆனா பில்லு கொண்டுவராதது மரியாதைக்காக. நீங்க கேக்காம பில்ல வச்சா எழுந்து போன்னு சொல்ற மாதிரி ஆயிடும், அதனால 'லாதிசியோன் சில்வூப்ளே'ன்னு நீங்கதான் கேக்கணும், கேக்காட்டி சாயங்காலம் வரைக்கும் விட்டுடுவாங்க. உள்ள நுழையும்போது யாராவது ஒருத்தர் கண்ணப் பாத்து 'போன்ஜூர்' சொல்லிட்டு அப்புறம்தான் எத்தன பேருன்னு விரல் காட்டணும். நேரா போய் காலி டேபிள்ல உக்காந்துட்டு கை தட்டிக் கூப்பிட்டா முடிஞ்சுது கதை. சின்ன பிஸ்ட்ரோல முப்பது சீட்டுக்கு ஒரே ஒரு சர்வர் ஓடிட்டிருப்பார், அதையும் மனசுல வச்சுக்கோங்க.

கேள்வி: டிப்ஸ் எவ்ளோ? தண்ணிக்கும் காசா? – வாசகி, சேலம்

பதில்: சர்வீஸ் சார்ஜ் மெனு விலைலயே அடக்கம், சட்டப்படி. பிடிச்சிருந்தா சில்லறைய டேபிள்ல விட்டுட்டு வாங்க. டூரிஸ்ட் ஏரியால கார்டு மெஷின்ல 10, 15 சதவீதம்னு காட்டி நீட்டுவாங்க, கூச்சப்படாம ஜீரோ அமுக்குங்க. தண்ணி விஷயத்துல சர்வர் 'சாதாவா, கேஸ் உள்ளதா'ன்னு கேட்டா ரெண்டுமே காசு கட்டற பாட்டில், 'கராஃப் தோ'ன்னு சொன்னா ஜக்குல குழாத்தண்ணி ஃப்ரீயா வரும், நல்ல தண்ணிதான். பிரெட்டும் ஃப்ரீ, தீந்தா திரும்ப வரும். காபி கவுன்ட்டர்ல நின்னு குடிச்சா ஒரு விலை, வெளிய நாற்காலி போட்ட இடத்துல உக்காந்தா அதிகம், விலைப் பட்டியல்ல போட்டிருக்கும்.

கேள்வி: அக்கா, நாங்கள் லண்டனில இருந்து யூரோஸ்டாரில ஞாயிறு வந்து திங்கள் இரவு திரும்புறம். ஒவ்வொருமுறையும் பாரிஸில தமிழ்க் கடையள் நிறைஞ்ச லா சப்பல்ல கொத்துரொட்டி சாப்பிட்டிட்டுப் போறதுதான் எங்கட வழக்கம். இந்தமுறை மகள் 'உண்மையான பிரெஞ்சுச் சாப்பாடுதான் வேணும்' எண்டு ஒற்றைக்கால்ல நிக்கிறாள். என்ன செய்யலாம்? – வாசகர், லண்டன்

பதில்: நீங்க பாத்துப் பாத்து எடுத்திருக்கிற ரெண்டு நாளும் பிஸ்ட்ரோக்காரங்க லீவு விடற நாள்ங்க. நிறைய நல்ல கடை ஞாயிறு திங்கள் மூடியிருக்கும். தேதிய மாத்த முடியலன்னா பூயோன் ஷார்தியே போங்க, ஃபோபூர் மோன்மார்த்ர் தெருவுல, உங்க யூரோஸ்டார் வந்து நிக்கிற கார் து நோர் ஸ்டேஷன்ல இருந்து கிட்டதான். 1896ல திறந்தது, வருஷம் பூரா லீவே கிடையாது, காலை 11.30ல இருந்து நடுராத்திரி வரைக்கும். உயரமான கூரை, கண்ணாடி, பித்தளைக் கம்பி போட்ட பரண், சுவத்துல மர இழுப்பறை இருக்கும், தினம் வந்த வாடிக்கைக்காரங்க அவங்கவங்க நாப்கின அதுல வச்சிட்டுப் போவாங்களாம். சர்வர் நீங்க சொல்றதையும் கடைசிக் கணக்கையும் டேபிள் மேல விரிச்ச காகிதத்துலயே கிறுக்குவார், மகளுக்கு அது பிடிக்கும். டூரிஸ்ட் கூட்டம் ஜாஸ்திதான், சமையலும் சூப்பர்னு சொல்லமாட்டேன், சுமார்தான். ஆனா பாரிஸ்காரங்களும் வர்றாங்க, விலையும் சல்லிசு.

ஆனா உங்களுக்குன்னே ஒரு வழி இருக்கு, சென்னைக்காரங்களுக்குக் கிடைக்காது. லா சப்பல்ல உங்க சொந்தக்காரர், தெரிஞ்சவர் யாராவது இருப்பாங்கதானே, அவங்கள்ல ஒருத்தராவது பிரெஞ்சு ரெஸ்டாரன்ட் கிச்சன்ல வேலை பாப்பாரு. 80கள்ல இருந்து அகதியா வந்த எவ்வளவோ யாழ்ப்பாணத்துப் பசங்க பாத்திரம் கழுவற வேலைல நுழைஞ்சு, அப்புறம் காய் நறுக்கி, சாஸ் பிடிச்சு, இப்ப பெரிய சமையல்காரரா நிக்கிறாங்க. ஓனர் பேரு போர்டுல இருக்கும், உள்ள 'புளாங்கெத்'னு வெள்ளைச் சாஸ் கறிக் குழம்பு கிண்டறது நம்மாளா இருப்பாரு. எந்த கிச்சன்ல நெசமா எலும்பு போட்டு சாறு எடுக்கறாங்க, எங்க பொடியக் கரைக்கிறாங்கன்னு அவருக்கு அத்துப்படி. "அண்ணை, நீங்கள் வேலை செய்யாத கடையில எது நல்லம்?"னு கேளுங்க, சொந்தக் கடைய விட்டுக்குடுக்க மாட்டார், அதான் அப்படிக் கேக்கச் சொல்றேன்.

மகளுக்கு இன்னொன்னும் சொல்லுங்க, 2023ல பாரிஸோட சிறந்த பகெத், அதாவது நீட்டுக் குச்சி பிரெட், பரிசு வாங்கினது இலங்கைல பிறந்த தர்ஷன் செல்வராஜா, 20வது வட்டாரத்துல 'ஓ லெவான் தே பிரெனே' பேக்கரி. ஜெயிச்சவரு ஒரு வருஷம் ஜனாதிபதி மாளிகைக்கு பிரெட் அனுப்பணும்ங்கிறது அந்தப் பரிசோட வழக்கம்.

கேள்வி: பாரிஸ விட லியோன்ல சாப்பாடு நல்லாருக்கும்னு சொல்றாங்களே, ஒரு நாள் போயிட்டு வரலாமா? – வாசகர், புதுச்சேரி

பதில்: கறி சாப்பிடுவீங்கன்னா தாராளமா, டிஜிவிங்கிற அதிவேக ரயில்ல 2 மணி நேரம்தான். அங்க பிஸ்ட்ரோவுக்கு 'பூஷோன்'னு பேரு. பட்டு நெசவாளிங்க விடியக்காலைல வேலைய முடிச்சிட்டு சாப்பிட்ட கனமான சாப்பாட்டு வழில வந்தது, அதனால குடல், ஈரல், கன்னுத்தலைன்னு ஓடும். அதெல்லாம் பயமா இருந்தா 'கெனெல்', ஆத்து மீன அரைச்சுப் பஞ்சு மாதிரி உருட்டி சாஸ்ல மிதக்கவிட்டது. 'செர்வெல் த கனூ'ன்னு ஒண்ணு வரும், பேரப் பாத்துட்டு மூளைன்னு ஓடாதீங்க, மூலிகை போட்ட தயிர் மாதிரியான சீஸ்தான். வைன் 46 சென்டிலிட்டர் பிடிக்கிற அடி கனமான பாட்டில்ல வரும். பழைய லியோன் ரூ சாங்-ழான் தெருல வரிசையா பூஷோன்னு போர்டு மாட்டியிருப்பாங்க, எல்லாத்தையும் நம்பாதீங்க, 'லே பூஷோன் லியோனே' முத்திரை இருக்கான்னு பாருங்க. ஒரு நாள்னா காலைல போய் மத்தியானம் சாப்பிட்டு சாயங்காலம் திரும்பிடுங்க, அதுவும் செவ்வாய்ல இருந்து வெள்ளிக்குள்ள.

கேள்வி: எங்களுக்கு ஆகஸ்ட்லதான் லீவு. அப்ப போகலாமா? – வாசகி, மதுரை

பதில்: போலாம், ஆனா பாதி பிஸ்ட்ரோ ஷட்டர் இறக்கி 'கோன்ஜே அன்யுவெல்'னு பேப்பர் ஒட்டி மூணு நாலு வாரம் ஊருக்குப் போயிருப்பாங்க. கூகுள்ல திறந்திருக்குன்னு காட்டும், நம்பிப் போய் நிக்காதீங்க, முதல் நாளே போன் பண்ணிக் கேட்டு அப்படியே டேபிளையும் சொல்லி வச்சிடுங்க. பூயோன், பிராசரி எல்லாம் ஆகஸ்ட்லயும் ஓடும். மாசக் கடைசில இருந்தீங்கன்னா லா சப்பல் பிள்ளையார் கோயில் தேர் வர்ற ஞாயிறு எதுன்னு விசாரிச்சுக்கோங்க, தெரு பூரா தேங்கா உடைப்பாங்க, தண்ணிப் பந்தல்ல சாப்பாடும் குடுப்பாங்க, கும்பகோணத்து அப்பாவுக்கும் அது சரிப்படும்.